முழங்காலுக்குக் கீழே பாரிஸ்

1

என் கணவர் அன்ரன் ஓய்வு பெற்று ஒரு வருடம் நிறைந்த அன்று, ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் 'கார்தெரி'யில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மத்தியானச் சமையல் என் பொறுப்பு. வீட்டுக்கு வந்த பிறகும் மசித்த கரட்டின் மணம் கையை விட்டுப் போகாது. நான் கை கழுவிக்கொண்டு நிற்க, அவர் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்.

“என்னப்பா அது?”

“லோஃபர்.”

“ஆரைச் சொல்லுறியள்?”

“ஒருத்தரையும் சொல்லேல்ல. சப்பாத்தின்ரை பேர் அது.”

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு என் திகைப்பு விளங்கும். எங்கள் காதுக்கு லோஃபர் என்றால் வசவு. என்னுடைய தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். ரியூசனுக்குப் போகும்போது சந்தி வழியாகப் போகக்கூடாது என்பார். “அதிலை லோஃபர் கூட்டம் நிக்கும்.” சைக்கிள் பாரில் ஒரு காலைப் போட்டபடி, ஒரு வேலையும் இல்லாமல், போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெடியள் அவர்கள். பிறகு ஒரு காலம் வந்தது. சந்தியில் ஒருவரும் நிற்கவில்லை. சும்மா நின்றால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வெறும் சந்தியைக் கடக்கும்போது, லோஃபர்களாவது நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அதை அப்பாவிடம் சொன்னதில்லை.

பெட்டிக்குள் இருந்தது பழுப்பு நிறத் தோல் சப்பாத்து. லேஸ் இல்லை, கொக்கியும் இல்லை. மேலே குறுக்காக ஒரு பட்டி, பட்டியின் நடுவில் உதடு பிளந்த மாதிரி ஒரு வெட்டு. செருப்பு மாதிரிக் காலை நுழைத்தால் சரி. அவர் நுழைத்தார். எழும்பி நின்றார். கூடத்தில் இருந்து சமையலறை வரை நடந்து வந்தார்.

வீட்டுக்குள்ளே, சப்பாத்தோடு! இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. பனியும் உப்பும் மிதித்து வரும் ஊரில் எல்லார் சப்பாத்தும் வாசலோடுதான்.

“கழட்டுங்கோ” என்றேன்.

“இன்னும் றோட்டிலை மிதிக்கேல்ல” என்றார். மறுபடி கூடம் வரை போனார்.

2

அவர் மொன்றியாலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். விரல் நுனியில் இரும்பு வைத்த கனத்த பூட்ஸ். கோடையில் கால் வெந்து வரும், குளிர்காலத்தில் விறைத்து வரும். வீட்டுக்கு வந்து அவர் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் நான் அடுப்பைக் கூட்டுவேன். ஓய்வு பெற்றதும் அந்தச் சத்தம் நின்றுபோனது. முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் பனி அள்ளும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுசன் எழும்பி வெளியே போகாதா என்று செபித்தவள் நான்தான்.

லோஃபர் வந்த பிறகு அவர் வீட்டில் தங்கவில்லை.

காலையில் நான் புறப்படும் முன்பே முகம் மழித்து, நீலக் காற்சட்டையின் காலை ஒரு மடிப்பு மடித்துவிட்டு நிற்பார். காலுறை இல்லாத மாதிரிக் கணுக்கால் தெரியும்.

“மேசு எங்கை?”

“இருக்கு. வெளியிலை தெரியாத மேசு. பிரெஞ்சுக்காரர் அப்பிடித்தான் போடுறவை.”

இதையெல்லாம் எங்கே படித்தார் என்றால், சப்பாத்துக் கடையில். அந்தக் கடையில் நிற்பவர் கியூபெக்காரர் அல்ல, பிரான்சிலிருந்து வந்தவராம். பிரான்சில் தாத்தா போட்ட மாதிரிச் சப்பாத்தைத்தான் பேரனும் போடுகிறான், இந்த ஒன்றில் மட்டும் நாகரிகம் மாறவில்லை என்று அவர் சொன்னாராம். அமெரிக்காவிலிருந்து வந்த சாமான்தான், ஆனால் பாரிஸ் பெடியள் எடுத்துப் போட்டு, தங்களுடையதாக்கி, பிறகு விடவேயில்லையாம். கோட்டுக்கும் போடலாம், ஜீன்ஸுக்கும் போடலாம். அலுவலகத்துக்கும் சரி, பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனாலும் சரி. பழசாகப் பழசாகத்தான் அதற்கு அழகு, அடித்தோலை மாற்றி மாற்றிப் போடவேண்டும், பளபளவென்று புதிதாக வைத்திருந்தால் மதிக்கமாட்டார்கள்.

இவ்வளவையும் அன்ரன் என்னிடம் சோறு சாப்பிடும்போது சொன்னார். எங்கள் மகள் ஷாலினி பிறந்த நேரத்தில்கூட அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், “சும்மா உலாத்த” என்பார். எந்த இடம் என்றால், “இடம் எண்டு இல்லை.” கைத்தொலைபேசியை எடுக்கமாட்டார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது பெண்கள் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். “அன்ரன் அண்ணையைச் சான்டெனித் தெருவிலை கண்டனான். மாப்பிள்ளை மாதிரிப் போறார்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

பொம்பிளை ஒருத்தி இருக்கலாம் என்று நான் நினைக்கவில்லை. அது பொய். ஒரு கிழமை நினைத்தேன். பிறகு, அப்படி ஒருத்தி இருந்தால் அவர் வீட்டுக்கு வந்து இவ்வளவு பசியோடு சாப்பிடமாட்டார் என்று விட்டுவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. அவர் வீட்டில் இல்லாத பின்னேரங்களில் நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். அவருடைய நோய் எனக்கும் தொற்றிவிட்டதா என்று பயமாக இருந்தது.

3

ஒரு சனிக்கிழமை, “நீயும் வா” என்றார்.

ஷாலினி லவாலில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் இருக்கும் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அங்கேயே வீடும் எடுத்துக்கொண்டாள். எங்களோடு பேசுவது குறைவு. பேசும்போது தமிழில் தொடங்கி, ஆங்கிலத்தில் நடந்து, கோபம் வந்தால் பிரெஞ்சில் முடிப்பாள். அவளுக்கு வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது. நாங்கள் மருந்துக்கடைக்கு எதிரே இருந்த வாங்கில் உட்கார்ந்தோம். ஒன்றும் வாங்கவில்லை. அன்ரன் கால்மேல் கால் போட்டு, குதியைச் சப்பாத்திலிருந்து எடுத்து, சப்பாத்தை விரல் நுனியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

காவலாளி ஒருவர் வந்தார். எங்கள் பக்கமாக இரண்டு தரம் நடந்துபோனவர்தான். மூன்றாம் தரம் நின்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இங்கே 'ஃபிளானாஜ்' அனுமதி இல்லையாம், கடைக்குப் போவதானால் போகலாமாம்.

ஃபிளானாஜ் என்றால் வேலையில்லாமல் ஓரிடத்தில் சும்மா இருப்பது, சுற்றித் திரிவது. மெத்ரோ நிலையச் சுவர்களில் எழுதியிருக்கும். இங்கே வந்த புதிதில் நான் சரியாக எழுத்துக்கூட்டி வாசித்த முதல் பிரெஞ்சுச் சொற்களில் அது ஒன்று. எனக்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கைப்பையை அணைத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். சீருடை வந்து நின்றால் எழும்பிவிடும் உடம்பு இது.

அன்ரன் எழும்பவில்லை.

“வாங்கோப்பா.”

“நில். ஏன் எழும்பினனீ? இரு.”

பிறகு காவலாளியைப் பார்த்துப் பிரெஞ்சில் பேசினார். அன்ரனின் பிரெஞ்சு இந்த ஊர்ப் பிரெஞ்சு இல்லை. எங்கே படித்தார் என்று நான் விசாரித்ததும் இல்லை. விமான நிலையத்தில் என்று நினைத்திருந்தேன். காலைத் தூக்கிக் காட்டி, “இதுக்கு உங்கடை கியூபெக்கிலை என்ன பேர் எண்டு தெரியுமோ? ஃபிளானேர். பெட்டியிலை எழுதியிருக்கு. நான் இதை வேறை என்னத்துக்குப் போடுறது?” என்கிற மாதிரிக் கேட்டார். உண்மைதான். ஆங்கிலப் பெயர் வேண்டாம் என்று இங்கே லோஃபருக்கு ஃபிளானேர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சும்மா உலாத்துகிறவன் என்று அர்த்தம்.

காவலாளிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். மறுபடி சொன்னார். இவர் மறுபடி எழும்பவில்லை. காவலாளி தோளில் இருந்த கருவியில் யாரையோ கூப்பிட்டார். கடைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மருந்துக்கடைக் கண்ணாடிக்கு அப்பால் ஷாலினி தலையை நிமிர்த்துவதை நான் கண்டேன்.

வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தாள். காவலாளியோடு வேகமாக இரண்டு வார்த்தை பேசினாள். மன்னிப்புக் கேட்டாள் என்று விளங்கியது. பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, சா சுஃபி! போதும்! நான் வேலை செய்யிற இடம் இது. ஏன் இப்பிடிச் செய்யுறியள்? பிச்சைக்காரர் மாதிரி...”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அன்ரன் குதியைச் சப்பாத்துக்குள் தள்ளினார். எழும்பினார். அவளுக்குக் காத்திருக்காமல் மெத்ரோவுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

4

லவாலில் இருந்து எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கத்துக்கு ஆரஞ்சுக் கோட்டில் ஒரே வண்டியில் வந்துவிடலாம். ஆற்றுக்குக் கீழே வண்டி போகும்போது அவர் பேசத் தொடங்கினார்.

கனடாவுக்கு வரும் முன்னர் அவர் பிரான்சில் இருந்தவர் என்று எனக்குத் தெரியும். “கொஞ்ச நாள் அங்கை நிண்டனான்” என்று மட்டும் சொல்லியிருந்தார். எல்லாரும் எங்கேயாவது கொஞ்ச நாள் நின்றுதான் வந்தார்கள். அதனால் நான் தோண்டவில்லை.

“கொஞ்ச நாள் இல்லை, ரெஜினா. மூண்டு வருசம்.”

தங்கும் அனுமதிக் கடுதாசி ஒன்றும் இல்லாமல் மூன்று வருடம். ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினார். அந்த அறைக்கு மேலே, கூரையோடு ஒட்டி, சிறிய ஜன்னல் ஒன்று. அது தெருவின் நடைபாதை மட்டத்தில் இருந்தது. கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும்.

“பாரிஸிலை நான் பாத்த ஆக்கள் எல்லாம் முழங்காலுக்குக் கீழைதான். ஆளை ஆள் சப்பாத்தை வைச்சுத்தான் எனக்குத் தெரியும். காலமை ஒருத்தர் போவார். பழுப்பு லோஃபர். அவசரமே இல்லை. ஜன்னலுக்கு நேரை நிண்டு சிகரெட் பத்துவார். பேந்து போவார். மழைக்கும் அதே சப்பாத்து, வெயிலுக்கும் அதே சப்பாத்து. நான் நினைப்பன், இந்த மனுசனை ஒருத்தரும் துரத்தேல்ல எண்டு.”

“நீங்கள் என்ன போட்டிருந்தனீங்கள்?”

“ஓடுற சப்பாத்து. லேஸை இறுக்கி ரெண்டு முடிச்சு. மெத்ரோ மூலையிலை பொலிஸ் நிப்பான். கடுதாசி கேப்பான். திரும்பி ஓடவேணும். படுக்கேக்கையும் கழட்டமாட்டன்.”

பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்தாள். நாங்கள் உரக்கப் பேசுகிறோம் போலும். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

“நான் பாரிஸிலை ஒருநாளும் மெள்ள நடக்கேல்ல. அதுதான் இஞ்சை நடந்து பழகுறன்.”

“என்னத்துக்குப் பழகுறியள்?”

“போக.”

இறங்கவேண்டிய நிலையம் வந்தது. நான் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்தேன் என்று நினைவில்லை. அவர் பாரிஸுக்குத் தனியாகப் போக நினைத்திருந்தார் என்பது மட்டும் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில், “நானும் வாறன்” என்றேன். அவர் அலுமாரியைத் திறந்தார். என் கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தார். அவருடையதைப் போலவே காலாவதியாகியிருந்தது.

புதுப்பிக்கப் போனோம். என் படத்தில் காதோரம் நிழல் விழுந்திருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். அவருடையதில் முகம் சிரிக்கிற மாதிரி இருக்கிறதாம். வாழ்நாளில் அவர் சிரித்து விழுந்த ஒரே படம் அதுதான், அதையும் வேண்டாம் என்றார்கள். அலுவலகத்தில் வழக்கம்போல அவரை அவருடைய தகப்பன் பெயரால் கூப்பிட்டார்கள். “மெஸ்யூ சூசைப்பிள்ளை!” என்றோ செத்துப்போன மாமா எழும்பிப் போய்க் கையொப்பம் வைத்தார்.

5

செப்டெம்பரில் போனோம்.

பாரிஸில் எனக்குக் கோபுரமும் தெரியவில்லை, ஆறும் தெரியவில்லை. நான் ஆண்களின் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பாண் வாங்கிப் போகும் கிழவருக்கும் லோஃபர். சைக்கிளில் போகும் அலுவலகப் பெடியனுக்கும் லோஃபர். அதில் சில, குதி தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தன. ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அன்ரனின் காலையும் பார்த்தேன். அவர்களோடு கலந்துதான் இருந்தது.

எங்கள் ஆட்களின் கடைகள் உள்ள லா ஷப்பல் பக்கம் போனோம். தோசை சாப்பிட்டோம். அங்கே நம்மவர்கள் காலில் ஒரு லோஃபரையும் நான் காணவில்லை. எல்லாருக்கும் ஓடுகிற சப்பாத்து. அவர்களில் பாதிப்பேர் இப்போது கடை முதலாளிகள்.

மறுநாள் அந்தச் சாப்பாட்டுக் கடையைத் தேடினோம். கடை இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். ஆனால் நடைபாதையோடு ஒட்டிய ஜன்னல் இருந்தது. கம்பி போட்டு, கண்ணாடி மங்கிப்போய். அன்ரன் குனிந்து உள்ளே பார்த்தார். அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“ஆக்கள் இல்லை” என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். ஜன்னலைத் தாண்டி நடந்தார். மெள்ள நடந்தார். தெரு முனைவரை போய்த் திரும்பி வந்தார். ஜன்னலுக்கு நேரே நின்றார். சிகரெட் அவர் பிடிப்பதில்லை, அதனால் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நின்றார். மறுபடி நடந்தார். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. என்னிடம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு பெடியன் இருந்தான். நான் கலியாணம் கட்டும் முன்னர் இருந்த பெடியனாக இருக்கவேண்டும். எனக்கு அவனைத் தெரியாது.

“சரி, வா” என்றார். “முடிஞ்சுது.”

முடியவில்லை. மெத்ரோவால் இறங்கி, வெளியேறும் பாதையில் ஒரு மூலை திரும்பினோம். அங்கே பச்சைச் சீருடையில் நாலைந்து பேர் வரிசையாக நின்று, வருகிறவர்களின் டிக்கெட்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். பொலிஸ்கூட இல்லை. எங்கள் இருவரிடமும் டிக்கெட் இருந்தது. நான் என்னுடையதைக் கையில் எடுத்தேன்.

எடுத்துத் திரும்பினால் பக்கத்தில் அவர் இல்லை.

வந்த பாதையால் ஓடிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது மனுசன், எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டு, அடுத்த படிக்கட்டால் மேலே. லோஃபர் ஓடுவதற்கான சப்பாத்து இல்லை. நடுப்படியில் ஒன்று கழன்று விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் போய் அதை எடுத்தேன். கையில் சூடாக இருந்தது. பரிசோதிக்கும் பெண் ஒருத்தி என் பின்னால் வந்துவிட்டாள். என் டிக்கெட்டைப் பார்த்தாள். படிக்கட்டைக் காட்டி ஏதோ கேட்டாள். இத்தனை வருடம் மொன்றியாலில் வாழ்ந்தவள், கார்தெரியில் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் கதை சொல்கிறவள், எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

“அவரிட்டையும் டிக்கெட் இருக்கு” என்று தமிழில் சொன்னேன். “அவர் களவாய் வரேல்ல.”

அவளுக்கு என்ன விளங்கியதோ, என் கையில் இருந்த சப்பாத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு, போ என்று கை காட்டினாள்.

மேலே ஒரு மருந்துக்கடை வாசலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு இரைத்தது. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் அந்த வெளியே தெரியாத மேசு, கிழிந்து, பெருவிரல் வெளியே.

“டிக்கெட் என்னட்டை இருந்தது, ரெஜினா.”

“தெரியும்.”

“பாஸ்போட்டும் இருந்தது.”

“ஓம். தெரியும்.”

கைக்குள் டிக்கெட்டைக் கசக்கி வைத்திருந்தார். வியர்வையில் ஊறிப்போயிருந்தது. அதை எனக்கு விரித்துக் காட்டினார், நான்தான் பரிசோதிக்கிறவள் மாதிரி.

“கால்தான் ஓடினது” என்றார். “நான் ஓடேல்ல.”

நான் குனிந்து சப்பாத்தைப் போட்டுவிடப் போனேன். “விடு, நானே போடுறன்” என்றார். ஒரு கையால் கம்பத்தை விடாமல் குனிந்தார். போட முடியவில்லை. பிறகு நான்தான் போட்டுவிட்டேன். போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என் கண்ணுக்கு அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

6

திரும்பி டோர்வலில் வந்து இறங்கியபோது ஷாலினி காரோடு நின்றாள். லவால் சம்பவத்துக்குப் பிறகு அவள் எங்களைப் பார்க்க வரவில்லை. நான் போகும் நாளையும் வரும் நாளையும் குறுஞ்செய்தியாக அனுப்பியிருந்தேன், வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. தகப்பனின் பெட்டியைப் பறித்து வாங்கிப் பின்னால் வைத்தாள். அவர் முன் இருக்கையில் ஏறினார். நான் பின்னால்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு அவள் கேட்டாள், “அப்பா, பாரிஸ் எப்பிடி?”

வடிவு என்பார், முடித்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்குப் பயணக் களைப்பு. கண்ணை மூடப் போனேன்.

“நான் ஓடினனான், பிள்ளை” என்றார்.

“என்ன?”

அவர் சொல்லத் தொடங்கினார். நிலக்கீழ் அறை, ஜன்னல், கால்கள், இரட்டை முடிச்சு. தமிழில் சொன்னார். அவளுக்கு விளங்காது என்று தோன்றிய இடத்தில் பிரெஞ்சில் சொன்னார். அந்தப் பிரெஞ்சைக் கேட்டு அவள் ஒருதரம் திரும்பி அவரைப் பார்த்தாள். அது பாரிஸ் தெருக்களின் பிரெஞ்சு. இருபது வயதில், கோப்பை கழுவிக்கொண்டு படித்தது. தன் தகப்பனிடம் அப்படி ஒரு பாஷை இருப்பது அவளுக்குத் தெரியாது.

“உங்களை ஆராவது பிடிச்சவங்களோ அப்பா?”

“ஒருக்கா.”

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருக்கா என்பதை அவர் எனக்குச் சொன்னதில்லை. நான் முன்னால் சாய்ந்தேன்.

“பேந்து?” என்றாள் ஷாலினி.

அவர் தொண்டையைச் செருமினார். எங்கள் வீட்டுக்குத் திரும்பவேண்டிய வழியைக் காட்டும் பச்சைப் பலகை தூரத்தில் தெரிந்தது, கிட்ட வந்தது, தலைக்கு மேலால் போனது. மூன்று பேரும் கண்டோம். ஷாலினி வேகத்தைக் குறைக்கவில்லை. நான் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்டைக்கு நல்ல மழை” என்று அவர் தொடங்கினார்.